மாடி காலியாக இருக்கிறது

சாதியையும் சட்டத்தையும் பற்றித் திருநெல்வேலியில் யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு அரிவாளில்தான் போய் நிற்கிறது. நிற்காமல் என்ன செய்யும்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில், படித்து நல்ல வேலையில் இருந்த ஓர் இளைஞர் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். முதலாவதற்குப் பிறகு நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைந்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிற்றிலிருந்து பள்ளிப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிவரை பேசிய அந்த அறிக்கை 2024 ஜூனில் வந்தது. பள்ளி முதல் உயர்கல்வி வரை சாதிப் பாகுபாட்டை ஒழிக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்றும் சொன்னது. இரண்டாவதற்குப் பிறகு, 2025 அக்டோபரில், ஆணவக் கொலைகளைத் தடுக்கும் சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவிக்கப்பட்டது. எங்கள் மாவட்டத்தில் ரத்தம் சிந்தினால் சென்னையில் ஒரு சட்டம் யோசிக்கப்படும் என்று ஆகிவிட்டது.

இதில் எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச காலமாக என்னை அரித்துக்கொண்டிருப்பது வெட்டும் குத்தும் இல்லாத, குரல்கூட உயராத ஒரு சங்கதி. பெருமாள்புரத்தில் என் அத்தை வீட்டு மாடி. கீழே அத்தை தனியாக இருக்கிறாள். மாமா காலமாகி வருஷங்கள் ஆகின்றன. மகன் புனேயில் வேலை. மாடிக்கு வெளிப்பக்கமாகப் படிக்கட்டு, தனி மின்சார மீட்டர், இரண்டு படுக்கையறைகள், மேற்கே பார்த்த ஒரு சின்ன பால்கனி. ஆற்றுத் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும்; மற்றதற்குப் போர்வெல். அங்கே குடியிருந்த வங்கி அதிகாரி குடும்பம் மாற்றலாகிப் போனபிறகு மாடி பூட்டிக் கிடந்தது. கேட்டில் 'வீடு வாடகைக்கு' என்று பலகை மாட்டினால் போகிறவன் வருகிறவனெல்லாம் மணி அடிப்பான் என்று அத்தை பலகையை மாட்டவில்லை. தரகர் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டாள்.

அண்ணாச்சியின் டைரி

அண்ணாச்சி நல்ல மனிதர். கமிஷன் ஒரு மாத வாடகை. அதற்கு மேல் ஒரு காசு கேட்கமாட்டார். வீடு காட்ட வரும்போது குழாயைத் திறந்து காட்டுவார், சுவரில் ஓதம் இருந்தால் மறைக்காமல் சொல்லுவார். அவர் கையில் எப்போதும் மூன்று நான்கு வருஷத்துக்கு முந்தைய ஒரு டைரி இருக்கும். ஒருநாள் அத்தை காப்பி கொண்டுவர உள்ளே போன நேரத்தில் அதைப் புரட்டிப் பார்க்கக் கேட்டேன். கூச்சமில்லாமல் கொடுத்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. தெரு, வாடகை, அட்வான்ஸ், பிறகு ஓரத்தில் சில எழுத்துகள். 'சை' என்றால் சைவக் குடும்பம் மட்டும். 'வே. சரி' என்றால் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், வந்தாலும் ஆட்சேபம் இல்லை. 'பாய் வேண்டாம்' என்பது முழுசாகவே எழுதியிருந்தது. அதைச் சுருக்கி மறைக்க வேண்டிய அவசியம்கூட யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. பல வரிகளின் கடைசியில் 'கே.சொ.' என்று இருந்தது. அது என்ன என்று கேட்டேன். "கேட்டுச் சொல்லவும்" என்றார். யார் வந்தால் கேட்டுச் சொல்ல வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவே மாட்டார் தம்பி. கேட்டுச் சொல்கிறேன் என்பார். அப்புறம் சொல்லமாட்டார்" என்று மட்டும் விளக்கினார்.

அந்த டைரியில் ஒரு சாதிப் பெயர்கூட இல்லை. நீதிமன்றத்தில் கொண்டுபோய் வைத்தால் அது ஒரு தொழிலாளியின் நாட்குறிப்பு, அவ்வளவுதான்.

எந்தச் சாஸ்தா?

அண்ணாச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பத்தை அழைத்துவந்தார். கணவருக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை, மனைவி ஆசிரியை, பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மகள். அந்தப் பெண் மாடிக்குப் போன வேகத்தில் பால்கனி ஓரத்துச் சுவரைச் சாண் போட்டு அளந்தாள். மேசை போடுவதற்காம். அவள் அம்மா சமையலறை மேடையைத் தடவிப் பார்த்துவிட்டுத் துணி காயப்போட இடம் எங்கே என்று கேட்டார். எல்லாம் கூடிவந்தது. வாடகை ஒத்துக்கொண்டார்கள். வரிவிலக்குக்கு ரசீது வேண்டும் என்று அவர் கேட்டார், தருகிறேன் என்று அத்தை சொன்னாள். இங்கிருந்து அலுவலகம் பத்தே நிமிஷம், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடலாம் என்று மனைவியிடம் அவர் சொன்னதும் என் காதில் விழுந்தது.

கீழே வந்து உட்கார்ந்த பிறகு அத்தை ஆரம்பித்தாள். "தம்பிக்குச் சொந்த ஊர்?" சங்கரன்கோவில் பக்கம் என்றார். பக்கம் என்றால் எந்த ஊர்? ஊர்ப் பெயரைச் சொன்னார். "ஊருக்குள்ளேயா?" பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் என்றார். அதற்கு மேல் அந்த வழியில் போகமுடியாது என்று அத்தைக்குத் தெரிந்துவிட்டது. "பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தாவுக்குப் போவீர்கள்?" என்றாள். வெளியூர்க்காரர்களுக்கு இது பக்தி விசாரிப்பாகத் தோன்றும். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குலதெய்வமாக ஒரு சாஸ்தா உண்டு. உத்திரத்தன்று எங்கெங்கோ இருப்பவர்களெல்லாம் காட்டுக்குள்ளும் குளத்துக்கரையிலும் இருக்கும் அந்தக் கோயிலுக்கு வந்து சேருவார்கள். சாஸ்தாவின் பெயரைச் சொன்னால் ஊர், வகையறா, பங்காளி எல்லாம் விளங்கிவிடும். அவர் சிரித்தார். "உத்திரத்துக்கு எங்கே அம்மா லீவு தருகிறார்கள்" என்றார். எத்தனை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் இப்படி ஒரு பதில் கைவசம் இருக்கும்! அத்தை, மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

மறுநாள் காலையில் அவர் என்னைக் கூப்பிட்டார். "வீடு அருமையாக இருக்கிறது சார். ஆபீசுக்குத் தூரமாக இருக்குமோ என்று வீட்டில் யோசிக்கிறார்கள். அம்மா சங்கடப்பட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்." நான் எதையோ சொல்லி மழுப்பினேன். பத்து நிமிஷத் தூரம் ஒரே ராத்திரியில் நீண்டுவிட்டது. வரப்போகிற பொய்யை அவரே முந்திக்கொண்டு சொல்லி, அத்தையை அதைச் சொல்லும் வேலையிலிருந்து விடுவித்துவிட்டார்.

சட்டத்தில் என்ன இருக்கிறது

இதைத்தான் நான் உருட்டிக்கொண்டே இருந்தேன். இங்கே மறுப்பு என்று ஒன்று நடக்கவே இல்லை. அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. சாதி என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. வாடகைக்கு வர மறுத்தவர், கணக்குப்படி, அவர்தான்.

அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், படித்துறை என்று வரிசையாகச் சொல்லி அங்கெல்லாம் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் பார்த்து யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது. அரசு மட்டுமல்ல, தனியாரும் தடுக்கக்கூடாது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இதில் வரும் 'கடை' முடிதிருத்தும் இடத்தையும் சேர்க்குமா என்று கேள்வி வந்தபோது, பணம் பெற்றுச் சேவை தரும் இடம் எதுவானாலும் சேரும் என்கிற விரிந்த பொருளை அம்பேத்கர் கொடுத்தார். வாடகை வீடு சேருமா? அந்தப் பட்டியலில் வீடு இல்லை. 2005இல் பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தன் இனத்தவருக்கு மட்டுமே உறுப்பினர் இடம் என்று விதி வைத்துக்கொண்டது செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது.

தீண்டாமைக்கென்று 1955இல் வந்த சட்டம் இருக்கிறது; 1976இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 4ஆம் பிரிவில், தீண்டாமையின் பெயரால் எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பதைத் தடுப்பது குற்றம் என்று தெளிவாகவே இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால் அது தீண்டாமையால்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கவும் 12ஆம் பிரிவு வழி செய்கிறது. நல்ல சட்டம்தான். தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, கூடவே 100 ரூபாயிலிருந்து 500 ரூபாய்வரை அபராதம். அண்ணாச்சியின் கமிஷன் அதைவிடப் பல மடங்கு. அபராதம் சிரிப்புக்கு இடமாகிவிட்டது. சிறையோ பயப்பட வைக்கிறது, ஆனால் பயப்படுவது வீட்டுக்காரர் இல்லை. ஒரு மாடிக்காகக் காவல் நிலையத்தில் போய் உட்கார்ந்து, எழுபது வயதுக் கிழவி ஒருத்தி எந்தச் சாஸ்தா என்று கேட்டாள் என்று எழுதிக் கொடுக்க எந்தக் குடும்பஸ்தருக்கு மனம் வரும்? வீடு வேண்டும் என்று வந்தவருக்கு வழக்கு எதற்கு? தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டமோ, வாடகைதாரர் ஆனபிறகு அவருக்கும் வீட்டுக்காரருக்கும் உள்ளதைப் பேசுவது. ஆகவிடாமல் தடுப்பதை அது எப்படிப் பார்க்கும்?

அத்தை சொன்ன காரணம்

அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதை அத்தையிடம் சொன்னேன். ஏன் என்பதையும், நான் நினைப்பதையும் சேர்த்தே சொன்னேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் சீனி அவரைக்காயை நார் எடுத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு அந்தத் தம்பியைப் பிடித்துத்தான் இருந்தது. அந்தப் பிள்ளை சுவரை அளந்ததே, அதையும் பார்த்தேன். ஆனால் பெரிய அண்ணன் வீட்டில் என்ன சொல்வார்கள்? மாமாவின் திதிக்கு ஒருவரும் வந்து இலையில் உட்காரமாட்டார்கள். கட்டாயம் என்று ஒன்று இருந்தால், நான் என்ன செய்ய, சர்க்கார் உத்தரவு என்று சொல்லிவிட்டுப் பேசாமல் வாடகையை வாங்கிக்கொண்டிருப்பேன்." பெரிய அண்ணன் என்பது என் பெரியப்பா. அவர் அப்படிச் சொல்லக்கூடியவர்தான்.

முதலில் இதை நான் சாக்கு என்றுதான் எடுத்துக்கொண்டேன். சாக்கும்தான். ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. சமத்துவச் சட்டம் என்றாலே மறுப்பவனைப் பிடிப்பதற்கான ஒன்றாகவே நாம் யோசித்துப் பழகியிருக்கிறோம். கதவைத் திறக்கலாமா என்று கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு அது என்ன செய்யும் என்று யாரும் பேசுவதில்லை. அப்படி நிற்கிறவர்கள் பெருமாள்புரத்திலும் மகாராஜ நகரிலும் தியாகராஜ நகரிலும் எத்தனையோ பேர். அவர்களுக்கு வேண்டியது உபதேசம் இல்லை. சொந்தக்காரர்களிடம் காட்ட ஒரு தாள்.

இந்த யோசனை வந்ததும் எனக்கு ஞாபகம் போனது இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் சேரன்மகாதேவிக்கு. விடுதலைப் போராளி வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய குருகுலம். காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்திருந்தது. ஓரிரு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்று தெரிந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கிளப்பிய புயல் தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிப்போட்டது. அது எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கு உறைத்தது ஐயர் அதற்குச் சொன்ன சமாதானம். பெற்றோர் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள் என்பதுதான் அது. துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்த மனிதர், பிள்ளைகளின் பெற்றோர் என்ன நினைப்பார்களோ என்பதில் சிக்கிக்கொண்டார். சர்ச்சை அடங்கும் முன்பே, 1925 ஜூனில், பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டார். நல்லவர் கெட்டவர் என்று பிரித்துப் பார்த்தால் இந்த விவகாரம் புரிவதே இல்லை.

பதினான்கு வருஷம் கழித்து, 1939 ஜூலை 8 அன்று, மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவர்களையும் நாடார்களையும் அழைத்துக்கொண்டு போனார். உடனே ராஜாஜி அரசு செய்தது என்ன? முதலில் அவசரச் சட்டம், பிறகு கோயில் நுழைவு அங்கீகார, பாதுகாப்புச் சட்டம். அதன் பெயரிலேயே பாதுகாப்பு இருக்கிறது. யாருக்குப் பாதுகாப்பு? கதவைத் திறந்துவிட்ட அறங்காவலருக்கும் அதிகாரிகளுக்கும். அவர்கள்மேல் வழக்குப் போட முடியாது. திறக்காதவரைத் தண்டிப்பதற்கு முன்னால் திறந்தவரைக் காத்தது அந்தச் சட்டம். அத்தை கேட்பதும் கிட்டத்தட்ட அதைத்தான். அவளுக்கு 1939ஐப் பற்றி ஒன்றும் தெரியாது.

அப்படியானால் எப்படிப்பட்ட சட்டம்

இப்படி ஒன்றுக்கு வரைவு இல்லாமல் இல்லை. சசி தரூர் மக்களவையில் கொண்டுவந்த 2016ஆம் ஆண்டின் பாகுபாடு எதிர்ப்பு, சமத்துவ மசோதா தனியாரையும் உள்ளே இழுத்தது. சிறைக்குப் பதிலாக இழப்பீடு போன்ற உரிமையியல் பரிகாரங்கள், மாநிலத்துக்கு மாநிலம் சமத்துவ ஆணையம், நேரடிப் பாகுபாட்டோடு, பார்வைக்குப் பொதுவான விதி போல இருந்து சிலரை மட்டும் வெளியே தள்ளும் மறைமுகப் பாகுபாடும் தவறு என்கிற விளக்கம். அமைச்சராக இல்லாத உறுப்பினர் தாமாகக் கொண்டுவரும் தனிநபர் மசோதாவுக்கு வழக்கமாக என்ன ஆகுமோ அது ஆனது; காலாவதி. 1970க்குப் பிறகு தனிநபர் மசோதா ஒன்றுகூடச் சட்டமாகவில்லை. ஆனாலும் அது வீண் என்று சொல்லமாட்டேன். திருநர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015இல் மாநிலங்களவையில் நிறைவேறி அத்தோடு நின்றது; நான்கு வருஷத்தில் அரசே தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. அரைகுறைதான், திருநர்களே குறை சொன்ன சட்டம்தான். ஆனால் அதில் வாடகைக்கு வீடு மறுக்கக்கூடாது என்ற வரி இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே வரி இருக்கிறது. டைரியில் 'பாய் வேண்டாம்' என்று எழுதப்பட்டவருக்கு அந்த வரி இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரசபை 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தபோது வேலையோடு வீட்டையும் சேர்த்தது. அங்கே வீடு தேடும் நம்மூர்ப் பையனுக்கு இருக்கும் பிடி, இங்கே பெருமாள்புரத்தில் தேடும் அவன் அப்பாவுக்கு இல்லை.

சட்டம் வருமானால் இரண்டு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. முதலாவது, மாடிக்கு விலக்குக் கொடுக்கக்கூடாது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தில், நான்கு குடித்தனங்களுக்கு மேற்படாத கட்டடத்தில் வீட்டுக்காரரும் குடியிருந்தால் அவருக்குப் பெருமளவு விலக்கு உண்டு. அங்கே அது ஓரத்தில் கிடக்கும் ஒரு சலுகையாக இருக்கலாம். இங்கே கீழே வீட்டுக்காரர், மேலே வாடகைக்காரர் என்பதுதான் ஊரே. அந்த விலக்கை அப்படியே கொண்டுவந்தால் சட்டத்துக்குப் பாளையங்கோட்டையில் வேலையே இருக்காது. தனியாக இருக்கும் மூதாட்டிக்கு யார் மாடியில் இருக்கிறார்கள் என்ற பயம் நியாயமானது. ஆதார் கேட்கட்டும், வேலைச் சான்று கேட்கட்டும், முன்பு இருந்த வீட்டுக்காரரிடம் விசாரிக்கட்டும். சாஸ்தா பாதுகாப்புக்கு உதவுவதில்லை.

இரண்டாவது, புகார் கொடுப்பவரை நம்பி இந்தச் சட்டத்தை எழுதக்கூடாது. அந்த மனிதர் ஒருநாளும் புகார் கொடுக்கமாட்டார். கௌரவமாகத் தானே விலகிக்கொள்வார். சம்பளம், குடும்பம் எல்லாம் ஒன்றுபோல இருக்கும் இரண்டு பேரை ஒரே வீட்டுக்கு அனுப்பி, யாருக்கு என்ன பதில் கிடைக்கிறது என்று பார்க்கும் வழக்கம் அமெரிக்காவில் பல காலமாக உண்டு. அப்படிச் சோதிக்கப் போனவரும் வழக்குத் தொடரலாம் என்று 1982இல் அங்கே உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. சுகதேவ் தோரட்டும் அவருடைய சகாக்களும் டெல்லி வட்டாரத்தில் இதே பாணியில் ஓர் ஆய்வு நடத்தி 2015இல் வெளியிட்டார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு எளிதாகத் திறந்த கதவு தலித் பெயருக்குக் கடினமாகவும், முஸ்லிம் பெயருக்கு அதைவிடக் கடினமாகவும் இருந்தது. சமத்துவ ஆணையம் என்று ஒன்று வந்தால் அதன் முதல் வேலை இதுவாக இருக்க வேண்டும். கூடவே தரகர்களையும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். 'கே.சொ.' எழுதுகிற கைக்கு ஒரு பொறுப்பு வந்துவிட்டால், அண்ணாச்சியே வீட்டுக்காரரிடம், "அம்மா, இப்போதெல்லாம் அப்படி எழுதிக்கொள்ள முடியாது" என்று சொல்லிவிடுவார். அவரும் சொல்லத் தயாராக இருக்கிறவர்தான் என்பது என் ஊகம்.

அத்தை இதெல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டாள், ஒன்றைத் தவிர. சைவக் குடும்பத்துக்கு மட்டும் என்று சொல்வது அவள் உரிமை என்கிறாள். அது சாதி இல்லை, வயிற்றைப் புரட்டுகிற விஷயம் என்கிறாள். திருநெல்வேலியில் சைவம் என்று சொன்னாலே எந்தெந்தத் தெருக்காரர்கள் மிஞ்சுவார்கள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் வீட்டுச் சமையலும் அதேதான் என்பதால் எனக்கு வாய் கொஞ்சம் தடுமாறுகிறது. ஆனாலும் மறைமுகப் பாகுபாடு என்று மசோதாவில் இருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. மீன் குழம்பு வாசனை கீழே இறங்கக்கூடாது என்பதுதான் கவலை என்றால் அதற்கு வழி இருக்கிறது, மாடிச் சமையலறையில் ஒரு புகைபோக்கி வைத்தால் தீர்ந்தது என்றேன். அடுப்பு மேடைக்கு மேலே ஜன்னல் இருக்கிறது, குழாயை எப்படியும் வெளியே விடலாம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தப் புகைபோக்கிக்கு யார் பணம் கொடுப்பது, வீட்டுக்காரியா வாடகைக்காரரா, அதைச் சட்டத்தில் எழுதுவார்களா என்று கேட்டாள்.